இந்த வருஷம்தான் கடைசியா? கடிகார மாற்றச் சட்டங்கள் பற்றிக் கேள்வி பதில்

போன ஞாயிறு, 2025 அக்டோபர் 26, ஐரோப்பா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்துவிட்டது. வரும் ஞாயிறு, நவம்பர் 2, அமெரிக்காவும் கனடாவும் வைக்கும். ஒவ்வொரு முறையும் இந்த வாரத்தில் எனக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வருவதால் இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்கச் சொல்லிவிட்டேன். நான் டொரான்டோவில் விமான அட்டவணை மென்பொருளில் வேலை பார்க்கிறேன். எந்த ஊர் நாடாளுமன்றம் கடிகாரத்தில் கை வைத்தாலும் எனக்கு வேலை வந்து சேரும். அதனால் இந்தச் சட்டங்களை விடாமல் படிப்பது பழக்கமாகிவிட்டது. மருத்துவம், ஜோதிடம், சம்பளக் கணக்கு மூன்றும் என் துறை இல்லை.

நியூஜெர்சி குமார்: அண்ணா, 2022லேயே செனட்டில் பாஸ் ஆகிவிட்டது என்று டிவியில் காட்டினார்களே. இன்னும் ஏன் மாற்றிக்கொண்டிருக்கிறோம்? இந்த வருஷம்தான் கடைசியா?

கடைசி இல்லை. செனட்டில் பாஸ் ஆனது உண்மை. 2022 மார்ச் 15, கடிகாரத்தை முன்னுக்கு வைத்த இரண்டாம் நாள், எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் இருந்த நேரம். அப்போது ஃப்ளோரிடா செனட்டராக இருந்த மார்கோ ரூபியோ கொண்டுவந்த ‘சன்ஷைன் புரொடக்‌ஷன் ஆக்ட்’ என்ற மசோதா. வசந்தத்தில் ஒரு மணி முன்னுக்கு வைப்பது கோடை நேரம், இலையுதிர் காலத்தில் பின்னுக்கு வைத்துத் திரும்புவது குளிர்கால நேரம். வருஷம் முழுக்கக் கோடை நேரத்திலேயே இருந்துவிடலாம் என்பது மசோதாவின் சாரம். அதற்கு வாக்கெடுப்பே நடக்கவில்லை. “யாருக்காவது ஆட்சேபம் உண்டா?” என்று கேட்டார்கள், அவையில் இருந்த யாரும் வாய் திறக்கவில்லை, நிறைவேறியது. விவாதம் இல்லாமல் வந்த வெற்றி அது. இன்னொரு அவையான பிரதிநிதிகள் சபையில் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. அந்தக் காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், காலம் முடிந்ததும் மசோதாவும் காலாவதியானது.

இந்தச் செவ்வாய்க்கிழமை, அக்டோபர் 28, அதே வித்தையை மறுபடி செய்து பார்த்தார்கள். ஃப்ளோரிடாவின் ரிக் ஸ்காட் மசோதாவை வைத்து ஒருமனதாக நிறைவேற்றக் கேட்டார். ஆர்கன்சாஸ் செனட்டர் டாம் காட்டன் எழுந்து ஆட்சேபித்தார். குளிர்காலக் காலை இருட்டாகிவிடும் என்பது அவர் காரணம். ஒருமனதாக என்றால் ஒரே ஒரு ஆள் போதும், கதை முடிந்தது.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்: மாற்றத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்வது பாதிப் பேச்சு. எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதுதான் மீதிப் பாதி. மசோதாக்கள் எல்லாம் அந்த மீதிப் பாதியில்தான் செத்துப்போகின்றன.

டாம்பா ஸ்ரீதர்: எங்கள் ஃப்ளோரிடா 2018லேயே சட்டம் போட்டுவிட்டது. மாநிலம் சொன்னால் போதாதா சார்?

பாதி போதும். 1966ஆம் ஆண்டின் ‘யூனிஃபார்ம் டைம் ஆக்ட்’ மாநிலங்களுக்கு ஒரே ஒரு கதவைத்தான் திறந்து வைத்திருக்கிறது. கோடை நேரமே வேண்டாம், வருஷம் முழுக்கக் குளிர்கால நேரத்தில் இருக்கிறோம் என்று ஒரு மாநிலம் முடிவு செய்யலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். ஹவாயும் அரிசோனாவும் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் வருஷம் முழுக்கக் கோடை நேரம் என்றால் காங்கிரஸ் சட்டத்தை மாற்ற வேண்டும்.

ஃப்ளோரிடா கேட்பது இரண்டாவதை. அதனால் 2018 சட்டம் “காங்கிரஸ் அனுமதித்தால்” என்ற நிபந்தனையோடு அலமாரியில் இருக்கிறது. கலிபோர்னியா மக்கள் அதே வருஷம் நவம்பரில் நேரத்தை மாற்றச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் தரும் ஏழாம் எண் முன்மொழிவுக்கு ஏறக்குறைய 60% ஆதரவு கொடுத்தார்கள், அதுவும் அப்படியே நிற்கிறது. டெக்சாஸ் இந்த ஜூனில் வரிசையில் சேர்ந்தது. மாற்றம்தான் தொல்லை என்றால் இவர்கள் யாவரும் நாளைக்கே குளிர்கால நேரத்தில் நின்றுவிடலாம், சட்டம் தடுக்கவில்லை. வேண்டியது சாயங்கால வெளிச்சம், அதை வெளியே சொல்லும்போது “மாற்றத் தொல்லை” என்கிறார்கள்.

பெயர் வேண்டாம்: ட்ரம்ப் கையெழுத்துப் போட்டு நிறுத்திவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

வதந்தி. சட்டத்தில் இருப்பதை அதிபர் ஆணையால் மாற்ற முடியாது. 2024 டிசம்பரில் கோடை நேரத்தையே ஒழிப்போம் என்றார். 2025 மார்ச்சில் இது ஐம்பதுக்கு ஐம்பது விவகாரம் என்றார். ஏப்ரலில் சாயங்கால வெளிச்சத்தைக் கூட்டுங்கள் என்றார், அதாவது முதலில் சொன்னதற்கு நேர் எதிர். அவரைக் குறை சொல்லவில்லை, நாடே அப்படித்தான் இருக்கிறது.

ஃபீனிக்ஸ் பாலா: அரிசோனாவில் நிம்மதியாக இருக்கிறோம். மற்றவர்களுக்கு ஏன் இந்தத் தலைவலி?

நிம்மதி உங்கள் ஊரில் மட்டும். அதே மாநிலத்தின் வடகிழக்கில் நவஹோ மக்களின் நிலம் இருக்கிறது, அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அதற்கு நடுவில் ஹோபி மக்களின் நிலம், அவர்கள் மாற்றுவதில்லை. டூபா சிட்டி நவஹோ ஊர், சாலைக்கு அந்தப் பக்கம் மோயென்கோபி ஹோபி ஊர். கோடையில் சாலையைக் குறுக்கே கடந்தால் ஒரு மணி நேரம் போய்விடும், திரும்பி வந்தால் கிடைத்துவிடும். கோடையில் அந்தப் பக்கம் காரில் போனால் கைபேசி காட்டும் நேரத்தை நம்பி ஓட்டல் முன்பதிவு செய்யாதீர்கள்.

ஆஸ்டின் வாசகி: விவசாயிகளுக்காகத்தானே இதைக் கொண்டுவந்தார்கள்?

இல்லை. விவசாயிகள்தான் முதல் எதிரிகள். முதல் உலகப் போரில் எரிபொருளை மிச்சம் பிடிக்க 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி தொடங்கியது, மூன்று வாரத்தில் பிரிட்டன், 1918இல் அமெரிக்கா. பனி காய்ந்தால்தான் வைக்கோலை அள்ள முடியும், பனி கடிகாரத்தைப் பார்த்துக் காய்வதில்லை. ஆட்களோ கடிகாரப்படி வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். 1919இல் அமெரிக்க விவசாயிகளின் நெருக்குதலில் காங்கிரஸ் அதை ரத்து செய்தது, அதிபர் வில்சன் மறுத்துத் திருப்பி அனுப்பியும் மீறி நிறைவேற்றினார்கள். பின்னாளில் கோடை நேரத்தை நீட்டச் சொன்னவர்கள் கோல்ஃப் மைதானக்காரர்கள், பார்பிக்யூ அடுப்பு விற்பவர்கள், ஹாலோவீன் மாலை வெளிச்சமாக இருக்கட்டும் என்று கேட்ட மிட்டாய் கம்பெனிகள்.

கோவை ஆனந்த்: விவசாயிகளுக்கு இதனால் நன்மையா?

ஒரு பதில் மேலே பாருங்கள்.

டோர்ட்முண்ட் சிவா: ஐரோப்பாவில் 2021இலேயே நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள் அண்ணை. என்ன ஆனது?

இதை விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவை விட ஐரோப்பா இதில் வெகுதூரம் போனது.

2018 கோடையில் ஐரோப்பிய ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. 46 லட்சம் பதில்கள், 84% பேர் மாற்றத்தை நிறுத்துங்கள் என்றார்கள். அதில் சுமார் 30 லட்சம் உங்கள் ஜெர்மனியிலிருந்து மட்டும் வந்தவை என்பதை அப்போது யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. செப்டம்பரில் ஆணையம் வரைவு வைத்தது. 2019 மார்ச் 26 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 410க்கு 192 என்ற கணக்கில் ஏற்று, 2021இல் முடித்துவிடலாம் என்றது. சட்டமாக மிச்சம் இருந்தது ஒரே படி, உறுப்பு நாடுகளின் மன்றம். அங்கே போய் உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஏன் என்றால், வரைவின்படி கோடை நேரமா குளிர்கால நேரமா என்பதை ஒவ்வொரு நாடும் தானே தேர்ந்தெடுக்கலாம். பெல்ஜியம் ஒன்றையும் நெதர்லாந்து இன்னொன்றையும் எடுத்தால் பிரஸ்ஸல்ஸில் ஏறி ஆம்ஸ்டர்டாமில் இறங்கும் ரயில் அட்டவணை என்ன ஆகும்? என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த நினைப்பே வயிற்றைக் கலக்கும். போர்ச்சுகல் வேண்டவே வேண்டாம் என்றது. 1992 முதல் 1996 வரை அவர்கள் ஜெர்மனியின் நேரத்தில் இருந்து பார்த்துக் கைசுட்டுக்கொண்டவர்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்ததால் அயர்லாந்துக்கு வேறு கவலை: தீவுக்குள்ளேயே, பிரிட்டனைச் சேர்ந்த வடக்குக்கும் தெற்குக்கும் இடையில் நேரம் மாறினால்? அப்புறம் கொரோனா வந்தது.

இந்த மாதம் ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸ் பேச்சை மறுபடி எடுத்திருக்கிறார். ஆனால் அவர் நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கும் வீகோ நகரை வரைபடத்தில் பாருங்கள். லண்டனுக்கும் மேற்கே இருந்துகொண்டு பெர்லின் நேரத்தில் ஓடும் ஊர். நிரந்தரக் கோடை நேரம் வந்தால் அங்கே குளிர்காலத்தில் சூரியன் எழக் காலை 10 மணி ஆகும். ஜெர்மனி மட்டும் தனியாக விலகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். முடியாது, 2000ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை எல்லா நாடுகளையும் ஒரே நாளில் மாற்றச் சொல்கிறது.

சியாட்டில் பிரபு: இவ்வளவு குழப்பம் எதற்கு அண்ணா? நிரந்தரக் கோடை நேரம் போட்டால் முடிந்தது. டிசம்பரில் ஆபீஸ் விட்டு வந்தால் இருட்டு. பையனோடு பந்து போடக்கூட வெளிச்சம் இல்லை.

புரிகிறது. ஆனால் அதைச் செய்து பார்த்தாயிற்று தம்பி. எண்ணெய்த் தட்டுப்பாட்டில் 1974 ஜனவரி 6 அன்று நிக்சன் அரசு வருஷம் முழுக்கக் கோடை நேரத்தைக் கொண்டுவந்தது, இரண்டு வருஷச் சோதனையாக. முந்தைய டிசம்பரில் 79% மக்கள் ஆதரவு. பிப்ரவரியிலேயே 42%. பிள்ளைகள் டார்ச் லைட்டோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். ஃப்ளோரிடாவில் இருட்டுக் காலையில் பள்ளிப் பிள்ளைகள் வண்டி மோதி இறந்தார்கள், ஆளுநர் ரூபின் ஆஸ்கியூ இதை ரத்து செய்யுங்கள் என்று காங்கிரஸைக் கேட்டார். அக்டோபரில், நிக்சனுக்கு அடுத்து வந்த அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டு அந்தக் குளிர்காலத்துக்குப் பழைய நேரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். 1974இல் வேண்டாம் என்று முதலில் கத்திய அதே ஃப்ளோரிடாதான் 2018இல் முதலில் வேண்டும் என்றது.

உங்கள் சியாட்டிலில் ஜனவரி தொடக்கத்தில் 8 மணியை ஒட்டிச் சூரியன் எழுகிறது. நீங்கள் கேட்பது வந்தால் 9 மணி.

டெட்ராய்ட் மீனா: நான் நர்ஸ். எங்கள் ஊரிலும் 9 மணி ஆகும். காலை வெளிச்சம் இல்லாவிட்டால் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகும். தூக்க மருத்துவர்கள் சங்கமே குளிர்கால நேரம்தான் சரி என்கிறது. பிரபு சார் பந்து விளையாடுவதற்காக என் பிள்ளை இருட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டுமா?

சியாட்டில் பிரபு: அப்படியானால் ஜூனில் காலை 4:10க்கு விடியும் மேடம். நீங்கள் எழுந்து கோலம் போடுங்கள். எங்களுக்கு 8 மணிக்கே இருட்டிவிடும்.

டெட்ராய்ட் மீனா: கறுப்புத் திரை வாங்கி மாட்டுங்கள். வெளிச்சத்தை மறைக்கலாம், இருட்டைத் துரத்த முடியாது.

ஹூஸ்டன் ரவி: பள்ளிக்கூட நேரத்தை ஒரு மணி தள்ளி வைத்தால் இரண்டு பேருக்கும் சரியாகிவிடுமே?

ரவி சார், பள்ளியை ஒரு மணி தள்ளி, அதற்காக ஆபீஸை ஒரு மணி தள்ளி, கடையைத் தள்ளினால் நீங்கள் கடிகாரத்தைத் தொடாமலேயே குளிர்கால நேரத்துக்கு வந்துவிட்டீர்கள்.

சண்டை சூடாக இருப்பதால் நானும் உள்ளே வருகிறேன். மீனா சொன்னது சரி. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2020இல் நிரந்தரக் குளிர்கால நேரத்தைத்தான் ஆதரித்தது. பிரபுவின் பக்கமும் நியாயம் உண்டு, சாயங்கால வெளிச்சத்தில்தான் மனிதன் வெளியே வருகிறான். இருவரையும் ரஷ்யாவுக்கு அழைத்துப் போகலாம், அவர்கள் இரண்டையும் செய்து பார்த்தவர்கள். 2011இல் அப்போதைய அதிபர் மெத்வதேவ் நிரந்தரக் கோடை நேரம் போட்டார். மாஸ்கோவில் குளிர்காலச் சூரியன் காலை 10க்கு எழுந்தது. மக்கள் மூன்று குளிர்காலம் பொறுத்தார்கள். 2014 அக்டோபரில் புதின் நிரந்தரக் குளிர்கால நேரத்துக்கு மாற்றினார். இப்போது மாஸ்கோவில் ஜூன் மாதம் 3:45க்குப் பொழுது விடிகிறது.

பிரிட்டனும் 1968 முதல் 1971 வரை வருஷம் முழுக்கக் கோடை நேரத்தில் இருந்தது. 1970 டிசம்பரில் நாடாளுமன்றம் 366க்கு 81 என்று தூக்கி எறிந்தது. காலை விபத்து கூடியது, மாலை விபத்து குறைந்தது. ஆனால் கூடியது செய்தியானது, குறைந்தது யார் கண்ணிலும் படவில்லை.

என்னைக் கேட்டால் மீனா பக்கம். டொரான்டோவில் டிசம்பர் கடைசியில் 7:50க்கு விடிகிறது. எங்கள் தெருமுனையில் மஞ்சள் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளின் பையில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறது, இப்போதே அது கார் வெளிச்சத்தில் மினுங்கித்தான் ஆள் நிற்பது தெரிகிறது. 8:50 என்றால் நினைத்துப் பாருங்கள். ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் மீனா மேலும் கட்ட மாட்டேன், பிரபு மேலும் கட்ட மாட்டேன். வருஷத்தில் இரண்டு முறை மாற்றுவது யாருக்கும் பிடிக்காத சமரசம், ஆனால் இந்த இரண்டு பேரும் பாதிப் பாதி ஜெயிக்கிற ஏற்பாடு அது ஒன்றுதான்.

ஹூஸ்டன் ரவி: அரை மணி நேரம் மட்டும் மாற்றி நடுவில் நின்றால்?

உலகம் முழுக்க உங்களோடு கணக்குப் போட அரை மணி தடுமாறும். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே இருப்பது நமக்குப் பழகிவிட்டது, அமெரிக்க வங்கிகளுக்குப் பழகவில்லை.

ஓஹையோ செந்தில்: மின்சாரம் மிச்சமாகிறதா இல்லையா?

பேருக்கு. 2005 சட்டம் கோடை நேரத்தை சுமார் ஒரு மாதம் நீட்டியது, 2007இல் அமலுக்கு வந்தது. அதை ஆராய்ந்த அமெரிக்க எரிசக்தித் துறை, ஆண்டு மின் நுகர்வில் 0.03% மிச்சம் என்றது. இந்தியானா 2006இல் மாநிலம் முழுக்க கோடை நேரத்துக்கு வந்தபோது வீட்டு மின் செலவு ஏறக்குறைய 1% கூடியது என்று ஒரு ஆய்வு. விளக்குச் செலவு குறைந்தது, ஏசி அதைத் தின்றுவிட்டது.

அட்லாண்டா கண்ணன்: மாரடைப்பு கூடுமாமே?

மிச்சிகன் மருத்துவமனைத் தரவுகளில், வசந்த காலத்தில் மாற்றிய மறுநாள் திங்கட்கிழமை 24% கூடுதல். ஆனால் அந்த வாரம் முழுவதையும் கூட்டினால் எண்ணிக்கை மாறவில்லை. செய்தித்தாள்கள் முதல் வரியை மட்டும் போடும். உங்கள் நெஞ்சைப் பற்றிய கேள்வி என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

சிகாகோ லதா: அண்ணா, என் தங்கைக்கு இந்த வார இறுதியில் பிரசவம். ஞாயிறு அதிகாலை 1:30க்குக் குழந்தை பிறந்தால் ஜாதகம் எந்த நேரத்துக்கு எழுதுவது?

ஜோதிடம் தெரியாது என்று சொன்னேன், ஆனால் இது கடிகாரக் கேள்வி, விட மனசில்லை. அன்றைக்கு 2 மணி ஆனதும் கடிகாரம் 1க்குத் திரும்பும். ஆகவே 1:30 இரண்டு முறை வரும், ஒரு மணி நேர இடைவெளியில். லக்னம் சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும் என்பதால் ஜோதிடருக்கு இது பெரிய விஷயம். பிறந்த நேரத்தோடு ‘சிடிடி’ (உங்கள் ஊர்க் கோடை நேரம்) அல்லது ‘சிஎஸ்டி’ (குளிர்கால நேரம்) என்று சேர்த்து எழுதித் தரும்படி ஆஸ்பத்திரியில் அப்போதே கேட்டு வாங்குங்கள். இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் வேடிக்கை. மூத்தது 1:50க்குப் பிறந்து, இளையது இருபது நிமிஷம் கழித்துப் பிறந்தால் சான்றிதழில் இளையதன் நேரம் 1:10.

வீட்டில் தாத்தா ஜாதகம் இருந்தால் அதையும் பாருங்கள். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை போருக்காக இந்தியக் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடியது. அப்போது பிறந்தவருக்குக் குறித்த நேரம் கடிகார நேரம்தானா என்று தெரியாமல் கணித்தால் லக்னம் தவறலாம்.

சிகாகோ லதா: திருக்கணிதமா வாக்கியமா, எது சரி?

இதோடு விடுங்கள் தங்கச்சி, எனக்கு அடி விழும்.

ஸ்கார்பரோ நாதன்: அண்ணை, எங்கட நாட்டிலயும் நேரத்தை மாத்தினவங்கள். அதுவும் இந்த மாதிரிச் சட்டமோ?

இது பருவத்துக்குப் பருவம் மாறும் ஏற்பாடு இல்லை, ஆனால் படிக்க வேண்டிய கதை. 1996இல் மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்தது. மே மாதம் இலங்கை ஒரு மணி முன்னே போனது, அக்டோபரில் அரை மணி குறைத்துக் கிரீன்விச்சுக்கு ஆறு மணி முன் என்று வைத்துக்கொண்டது. 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. சமாதான காலத்தில் ஓமந்தைச் சாவடியைக் கடந்தால் அரை மணி மாறும். சிறிய தீவு, இரண்டு கடிகாரம்.

மொன்றியல் வாசகர்: அது அரசியல் பிடிவாதம். மக்கள் படாத பாடு...

அந்தச் சண்டையை இங்கே திறக்க வேண்டாம். அங்கேயும் இருட்டில் பள்ளிக்குப் போன பிள்ளைகளைப் பற்றித்தான் பெற்றோர் குறைப்பட்டார்கள் என்பது மட்டும் எனக்கு வேண்டியது.

மிசிசாகா பிரியா: ஒன்ராறியோ 2020இல் சட்டம் நிறைவேற்றியதே?

நிறைவேற்றியது. கியூபெக்கும் நியூயார்க்கும் கூடவே வந்தால் என்ற நிபந்தனையோடு. நியூயார்க் காங்கிரஸைப் பார்க்கிறது. காங்கிரஸ் எங்கே இருக்கிறது என்று முதல் பதிலில் சொன்னேன். ஆல்பர்ட்டா 2021இல் மக்களிடமே கேட்டது, 50.2% பேர் நிரந்தரக் கோடை நேரம் வேண்டாம் என்றார்கள். கேள்வியில் எந்த நேரம் என்று தெளிவாக இருந்தது, அதனால்தான் அந்தப் பதில். வெறுமனே “நிறுத்தலாமா?” என்று கேட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கும். எந்தக் கருத்துக் கணிப்பைப் பார்த்தாலும் முதலில் கேள்வியைப் படியுங்கள்.

பெங்களூரு அருண்: மென்பொருள் எழுதுகிறேன். நாளைக்கே ஒரு நாடு நிறுத்தினால் என்ன செய்வது?

சந்திப்பு நேரத்தைச் சேமிக்கும்போது “ஐந்து மணி பின்னே” என்று எண்ணை வைக்காதீர்கள், ஊர்ப் பெயரை வையுங்கள். விதி மாறினால் நேர மண்டலத் தரவுத்தளத்தைப் புதுப்பித்தால் போதும். 2023 மார்ச்சில் லெபனானில் மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பு, ரமலான் முடியும்வரை தள்ளிவைப்பதாக அரசு அறிவித்தது. தேவாலயங்கள் ஏற்கவில்லை, ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது, கைபேசிகள் ஆளுக்கொன்று காட்டின, சில நாளில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். 2022இல் மெக்சிகோ நிறுத்தியபோது அமெரிக்க எல்லையோர ஊர்கள் பலவற்றுக்கு விதிவிலக்கு கொடுத்தது. இதெல்லாம் “ஐந்து மணி பின்னே” என்ற ஒற்றை எண்ணுக்குள் அடங்காது.

சேலம் ஹரி: இந்தியாவில் ஏன் இல்லை?

சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணிதான் வித்தியாசம். டொரான்டோவில் ஆறரை. நகர்த்த அங்கே வெளிச்சம் மிச்சம் இல்லை.

டல்லாஸ் வித்யா: இரவு ஷிப்டில் அன்றைக்கு ஒரு மணி கூடுதல் வேலை. சம்பளம் உண்டா?

சம்பளப் பிரிவில் கேளுங்கள்.

ராலே மகேஷ்: இதுதான் கடைசி தடவை என்கிறார்களே?

இல்லை.

நியூஜெர்சி குமார்: சரி அண்ணா, அம்மாவுக்கு ஞாயிறு சென்னை நேரம் இரவு 8க்குப் போன் பண்ண வேண்டும். இங்கே எத்தனை மணி?

போன ஞாயிறு காலை 10:30க்குப் பண்ணியிருப்பீர்கள். இந்த ஞாயிறு 9:30. மார்ச் 8 வந்தால் மறுபடி 10:30.